சம்பளமும் பங்கும்

பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது என்ற செய்தி ஒரு வீட்டுக்கு வந்தால், அயலவர் கேட்கும் முதற் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதே. அரசாங்க உத்தியோகமாயின் அதற்கு ஒரே விடைதான் உண்டு. சம்பளத் திட்டம் அச்சிற் கிடக்கும். இன்ன தரத்தினர்க்கு இன்ன தொகை, ஆண்டுக்கு இவ்வளவு ஏற்றம் என்று விரலால் தொட்டுக் காட்டலாம். ஆனால் வணிகமும் கணக்கியலும் கற்ற நம் பிள்ளைகளுட் சிலர் இப்பொழுது இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நியூயோர்க்கிலும் நாடிச் செல்லும் தொழிலொன்றில் இக்கேள்விக்கு விடை ஒரு தொகையன்று, மூன்று தொகைகள். முதலாவது மாதந்தோறும் கையில் வருவது. இரண்டாவது ஆண்டு முடிவில் மேலிடத்தார் மனம் வைத்தால் வருவது. மூன்றாவது பத்தாண்டின் பின் வந்தாலும் வரலாம், வராமலும் விடலாம். வேலை தருவோர் மூன்றையும் ஒரே மூச்சிற் சொல்கின்றனர். பெற்றாரும் மூன்றையும் கூட்டி மகிழ்ந்துவிடுகின்றனர். அவ்வாறு கூட்டலாமா என்பதையே இவ்வாரம் ஆராய எண்ணுகின்றோம்.

அத்தொழிலைத் தனியார் பங்கு முதலீடு என்று தமிழிற் கூறலாம். ஆங்கிலத்திற் பிரைவேற் எக்குயிற்றி என்பர். பெரும்பாலும் பங்குச் சந்தையில் விலை கூறப்படாத கம்பனிகளை வாங்கி, நாலைந்து ஆண்டு வைத்திருந்து, சீர்செய்து, கூடிய விலைக்கு விற்பதே இதில் நடப்பது. வாங்கும் பணம் நிறுவனத்தாருடையதன்று. ஓய்வூதிய நிதியங்கள், பல்கலைக்கழக அறக்கொடைகள், காப்புறுதிக் கம்பனிகள், செல்வர் குடும்பங்கள் ஆகியோர் தந்த பணம் அது. அதனோடு வங்கிக் கடனையும் சேர்த்தே கம்பனிகளை வாங்குவர். திரட்டிய பணத்தை நிதியம் என்பர். அதன் ஆயுள் வழக்கமாகப் பத்தாண்டு. வேண்டின் ஓரிரண்டு ஆண்டு நீட்டிக்கப்படும்.

இத்தொழிலின் பெருநிறுவனங்களைப் பற்றிப் பத்திரிகை வாசிப்போர் ஓரளவு அறிவர். 1976-ஆம் ஆண்டில் மூவர் சேர்ந்து தொடங்கிய கே.கே.ஆர். நிறுவனம், ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோ என்னும் சிகரெற், பிஸ்கற் கம்பனியை 1989-இல் ஏறக்குறைய 2,500 கோடி டொலருக்கு வாங்கியது பெருங் கதை. அதுவன்று இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது. பத்துப் பேரோ பதினைந்து பேரோ ஒரு மாடியில் இருந்து நடத்தும் சிறு நிறுவனங்கள் பல உள. சலவைத் தொழிற்சாலை, பல் வைத்தியசாலைகள், குளிரூட்டி பழுதுபார்க்கும் கம்பனி ஆகியவற்றை வாங்குவோர் இவர்கள். பெயர் பெற்ற நிறுவனங்களில் இளைஞர்க்குள்ள இடம் மிகச் சில. அவ்விடங்களுக்குப் போட்டியிட்டுத் தோற்றோரும், போட்டியே வேண்டாமென்று விலகினோரும் வந்து சேருமிடம் இத்தகைய சிறு நிறுவனமே.

இத்தகைய நிறுவனத்துக்குப் பணம் வரும் வழி இரண்டு. நிதியத்தின் அளவில் ஆண்டுதோறும் நூற்றுக்கு 2 வீதத்தை நிருவாகக் கட்டணமாக எடுத்துக்கொள்வர். இது நிச்சய வருமானம். கம்பனிகளை விற்று இலாபம் கண்டபின் அவ்விலாபத்தில் நூற்றுக்கு 20 வீதம் நிறுவனத்தாருக்கு. ஏனையது பணம் தந்தவர்க்கு. இந்த 20 வீதத்தைத் தொடுமுன் பணம் தந்தவர்க்கு முதலும், ஆண்டுக்கு நூற்றுக்கு 8 வீதம் என்ற கணக்கில் ஆதாயமும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. கரீட் இன்ரறெஸ்ற் என்பது இவ்விலாபப் பங்கின் முழுப் பெயர். தொழிலில் உள்ளோர் 'கரி' என்று சுருக்குவர். தமிழிற் கரி என்பது யானைக்கும் பெயர், அடுப்பில் எஞ்சுவதற்கும் பெயர். இரண்டில் எது கைக்கு வரும் என்பது ஒருவர் இருக்கும் கதிரையைப் பொறுத்தது. குழப்பம் வேண்டாம், நாம் இலாபப் பங்கு என்றே எழுதுவோம்.

சிறு நிறுவனம் ஓர் இளைஞனுக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை யாரும் ஒரு தாளிற் கணக்குப் போட்டு அறியலாம். நிதியம் 15 கோடி டொலர் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 2 வீதம் என்றால் ஆண்டு வருமானம் 30 இலட்சம் டொலர். கேட்கப் பெருந் தொகைதான். பங்காளிகள் மூவர்; ஆளுக்கு 4 இலட்சம் எடுத்தால் 12 இலட்சம் போயிற்று. நடுநிலை உத்தியோகத்தர் ஒருவர், கணக்காளர் ஒருவர், காரியதரிசி ஒருவர் ஆகிய மூவர்க்கும் 6 இலட்சத்துக்கு மேல். கந்தோர் வாடகை, காப்புறுதி, கணக்காய்வு, சட்டத்தரணிகள், சந்தைத் தகவல் தரும் சேவைகளுக்கான சந்தா எல்லாம் சேர்ந்து 5 இலட்சம் என்க. கம்பனிகளைப் பார்க்கப் போகும் விமானச் செலவும், பேசிப் பேசிக் கடைசியில் முறிந்துபோன பேரங்களுக்கான செலவும் ஓர் 3 இலட்சத்தை விழுங்கும். எஞ்சுவது 4 இலட்சமும் இல்லை. அதில் இளைஞர் இருவர்க்குச் சம்பளம், போனஸ், வைத்தியக் காப்புறுதி, முதலாளி செலுத்தவேண்டிய வரி யாவும் அடங்க வேண்டும். ஆளுக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேற் கொடுப்பதாயின் பங்காளிகள் தம் பையிலிருந்தே எடுக்கவேண்டும். அவர்கள் கருமிகள் என்று சொல்லவேண்டியதில்லை. கணக்கே அப்படி அமைந்திருக்கின்றது.

மறுபுறம் 1,000 கோடி டொலர் நிதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணத்தை ஒன்றரை வீதமாகக் குறைத்தாலும் ஆண்டுக்கு 15 கோடி டொலர் வரும். வருமானம் நாம் மேலே கண்டதைப்போல் 50 மடங்கு. ஆட்களோ 50 மடங்கு இல்லை. பெரிய கம்பனி ஒன்றை வாங்கவும் சிறிய கம்பனி ஒன்றை வாங்கவும் வேண்டிய உழைப்பு ஏறத்தாழ ஒன்றே. இதனாற்றான், அமெரிக்காவிற் பெருநிறுவனமொன்றிற் சேரும் இளநிலை உத்தியோகத்தர் சம்பளமும் போனசுமாக ஆண்டுக்கு 3 இலட்சம் டொலரைக் கடப்பது உண்டு. சிறு நிறுவனத்தில் அதிற் பாதியை எதிர்பார்ப்பதே நியாயம். அதற்கும் குறைவாகக் கொடுப்போரும் உளர்.

பாதியாயினும் பெருந் தொகையன்றோ என்று கேட்கலாம். டொலரை முந்நூறாற் பெருக்கி ரூபாவாக்கிப் பார்த்து வியப்பது நமக்கெல்லாம் உள்ள பழக்கம். ஆனால் அப்பிள்ளை டொலரில் உழைத்து டொலரிலேயே உண்ணவேண்டும். நியூயோர்க்கின் மன்ஹற்றன் பகுதியில் புதிதாக வாடகைக்கு எடுக்கும் வீடுகளின் நடுத்தர வாடகை 2022-ஆம் ஆண்டில் மாதம் 4,000 டொலரைத் தொட்டது. படிப்புக்காகப் பட்ட கடனும் உடன் நிற்கும். சிறு நிறுவனங்கள் பல சிறு நகரங்களில் இருப்பதால் வாடகை குறைவு என்பது ஓர் ஆறுதல்.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. சிறு நிறுவனங்கள் பள்ளி விட்ட பிள்ளையை நேரே எடுப்பது அரிது. முதலீட்டு வங்கியொன்றில் இரண்டாண்டு இரவுபகல் உழைத்துப் பழகியவரையே தேடுவர். 2021-ஆம் ஆண்டு பெப்ரவரியில் கோல்ட்மன் சாக்ஸ் வங்கியின் முதலாண்டு இளைஞர் 13 பேர் தம் வேலை நேரத்தைத் தாமே கணக்கெடுத்தனர். வாரத்துக்குச் சராசரி 95 மணி நேரம். இரவிற் கிடைத்த உறக்கம் 5 மணி. அடுத்த மாதம் அக்கணக்கு வெளியே கசிந்து உலகெங்கும் பேச்சாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் அவ்வங்கி முதலாண்டுச் சம்பளத்தை 85,000 டொலரிலிருந்து 110,000 டொலராக உயர்த்தியது. ஏனைய வங்கிகளும் அவ்வழியே உயர்த்தின. வங்கிகளின் சம்பளம் உயர்ந்தது. சிறு நிறுவனத்தின் நூற்றுக்கு 2 வீதமோ உயரவில்லை. ஆகவே வங்கியிலிருந்து சிறு நிறுவனத்துக்கு மாறும் இளைஞர் சிலர், பதவியில் ஏறி வருமானத்தில் இறங்குகின்றனர். அந்தப் பள்ளத்தை நிரப்புதற்குச் சிறு நிறுவனத்திடம் உள்ள பொருள் ஒன்றே; அதுதான் இலாபப் பங்கு என்னும் வாக்குறுதி.

உழைப்புக்குக் கூலியாகப் பங்கு தருவது புதிய வழக்கமன்று. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ பெட்போர்ட், நான்ரக்கற் துறைகளிலிருந்து திமிங்கில வேட்டைக்குப் புறப்பட்ட கப்பல்களில் மாலுமிக்குச் சம்பளமே இல்லை. பயணம் முடிந்து எண்ணெய் விற்றபின் வருமானத்தில் ஒரு பங்கு. நம் கடற்கரைகளிற் கரைவலை இழுப்போர் மீனிற் பங்கு பெறுவதைக் கண்டவர்க்கு இது விளங்கும். ஆனால் கரைவலையிற் பங்கு அன்றன்றே தெரிந்துவிடும். திமிங்கிலக் கப்பலோ திரும்பிவர மூன்று, நான்கு ஆண்டாகும். ஹேர்மன் மெல்வில் 1851-இல் வெளியிட்ட 'மொபி டிக்' என்னும் நாவலைக் கற்ற மாணவர்க்கு அதில் வரும் பேரம் நினைவிருக்கும். கதை சொல்லும் இஸ்மவேல் 275-இல் ஒரு பங்கு கிடைக்கும் என்று எண்ணிக் கப்பலேறப் போகின்றான். கப்பற் சொந்தக்காரருள் ஒருவர் 777-இல் ஒரு பங்கு போதும் என்கின்றார். கடைசியில் 300-இல் ஒரு பங்கென்று முடிகின்றது. கீழெண் பெரிதானாற் பங்கு சிறிது என்பது நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனினும் வேலை தேடிப் போனவன் அதனைப் பேசி நிற்க முடிவதில்லை. பயணத்தில் வாங்கிய உடுப்பும் புகையிலையும் பங்கிற் கழிக்கப்பட்டு, மூன்றாண்டின் பின் கடனோடு கரையிறங்கிய மாலுமிகளும் மெய்யாகவே இருந்தனர்.

இனி, பங்கே கொடாவிட்டால் என்ன நிகழும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. கற்பனையன்று, இத்தொழிலின் பிறப்போடு ஒட்டியது. பிரான்சிற் பிறந்த ஜோர்ஜ் டோரியோ, ஹார்வாட் வணிகக் கல்லூரியிற் பேராசிரியர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையிற் தளபதிப் பதவி வகித்தவர். 1946-ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரில் வேறு சில பெரியோரோடு சேர்ந்து அமெரிக்க ஆராய்ச்சி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடக்கினார். முதலில் திரட்டியது 35 இலட்சம் டொலர் மட்டுமே. புதிதாய்த் தோன்றும் கம்பனிகளுக்குப் பணமும் புத்தியும் கொடுப்பது அதன் பணி. 1957-இல் கென் ஒல்சன், ஹார்லன் அண்டர்சன் என்னும் இரு பொறியியலாளர் தொடங்கிய டிஜிற்றல் எக்குயிப்மென்ற் என்ற கணிப்பொறிக் கம்பனிக்கு 70,000 டொலர் கொடுத்தது. பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் அந்த 70,000 பல கோடி டொலராக வளர்ந்தது.

அந்த வெற்றியில் நிறுவனத்தின் உத்தியோகத்தர்க்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் விடை வருத்தமானது. நிறுவனத்தின் பங்குகள் பொதுமக்களிடம் இருந்தன. ஆகவே 1940-ஆம் ஆண்டின் முதலீட்டுக் கம்பனிச் சட்டம் அதனைக் கட்டிப்போட்டது. தாம் வளர்த்த கம்பனிகளிற் பங்கு வைத்திருக்க உத்தியோகத்தர்க்கு இடமில்லை. டோரியோவும் சம்பள விடயத்திற் சிக்கனக்காரர். அங்கு வேலைபார்த்த சாள்ஸ் வெயிற் என்னும் இளைஞர் ஒப்ரிக்கல் ஸ்கானிங் என்ற கம்பனியை வளர்த்துப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவர உதவினார். வெறுங் கையோடிருந்த அக்கம்பனியின் தலைவர் ஒரு கோடி டொலருக்கு அதிபரானார். வெயிற் பெற்றது ஆண்டுச் சம்பளத்தில் 2,000 டொலர் ஏற்றம். பின்னாளில் அவரே இதனை எடுத்துச் சொல்லியிருக்கின்றார். டோரியோவின் வலக்கை போல் இருந்த வில்லியம் எல்பேர்ஸ் 1965-இல் விலகிக் கிரேலொக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதனைக் கம்பனியாக அன்றிப் பங்காளிகளின் கூட்டாக அமைத்தார். இலாபத்திற் பங்காளிகளுக்குப் பங்கு என்று முதலிலேயே எழுதினார். வெயிற்றும் அங்கே போய்ச் சேர்ந்தார். டோரியோவின் நிறுவனம் 1972-இல் ரெக்ஸ்ரன் கம்பனியோடு இணைந்து தன் பெயரை இழந்தது.

இக்கதையை நாம் இவ்வளவு விரித்ததற்குக் காரணமுண்டு. கிரேலொக் போன்ற கூட்டு முறையே இன்று எங்கும் பரவியிருக்கின்றது. எனவே பங்கில்லாக் குறை தீர்ந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். தீர்ந்தது பங்காளிகளுக்கே. இளநிலை உத்தியோகத்தர் பங்காளியல்லர். முதலிரண்டு ஆண்டில் அவர்க்கு இலாபப் பங்கு எழுதாத நிறுவனங்களே மிகுதி. கொடுக்கும் சில சிறு நிறுவனங்களும் சிறு துண்டொன்றையே கொடுக்கின்றன. வெயிற் அன்று நின்ற இடத்திலேயே இன்றும் பலர் நிற்கின்றனர். வேறுபாடு, இப்பொழுது பங்கு என்ற சொல் காதில் விழுகின்றது என்பதே.

அத்துண்டின் பெறுமதியையும் கணக்கிடுவோம். முன்சொன்ன 15 கோடி நிதியம் நன்றாக நடந்து, செலவு யாவும் போக 15 கோடி இலாபம் தந்தது என்க. நிறுவனத்தாரின் 20 வீதம் 3 கோடி. அதில் நூறில் ஒரு பங்கு நம் இளைஞனுக்கு என்றால் 3 இலட்சம் டொலர். சொல்லும்போது இந்த 3 இலட்சமே முன்னிற்கும். ஆனால் பங்கு ஒரே நாளில் உரிமையாவதில்லை. ஐந்தாண்டிற் சிறிது சிறிதாக உரிமையாகும் என்று பத்திரம் கூறும். இரண்டாண்டிற் போகின்றவனுக்கு ஐந்தில் இரண்டு, 1 இலட்சத்து 20,000. போட்டி நிறுவனத்திற் சேர்ந்தால் அதுவும் இல்லை என்று எழுதுவோர் உளர். விற்று முடித்துப் பணம் வருவது எட்டாம் ஆண்டிலோ பத்தாம் ஆண்டிலோ. பெருநிறுவனத்தைவிட ஆண்டுக்கு 1 இலட்சம் குறைவாகப் பெற்று இரண்டாண்டில் 2 இலட்சத்தை இழந்தவன், பத்தாண்டின் பின் வரக்கூடும் என்ற 1 இலட்சத்து 20,000-ஐ ஈடாகக் கருதலாமா என்பதை வாசகரே நினைத்துப் பார்க்கட்டும்.

வரக்கூடும் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினோம். 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி வீதம் பூச்சியத்தை ஒட்டியிருந்தது; 2023 யூலையில் ஐந்தேகால் முதல் ஐந்தரை வீதம் வரை ஏறிவிட்டது. கடன் வாங்கிக் கம்பனி வாங்கும் தொழிலில் இது எத்தகைய அடி என்பதை விரிக்கவேண்டியதில்லை. வாங்குவோர் பின்வாங்கினர், விற்க வைத்த கம்பனிகள் விலைபோகாமற் கிடந்தன, எட்டு வீத நிபந்தனை ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போயிற்று. அப்பொழுது பங்கை நம்பியிருந்தவர்கள் காத்திருக்க நேர்ந்தது. பங்கு தனித்தனிப் பேரத்தின் மேலா, முழு நிதியத்தின் மேலா என்பதும் இத்தகைய காலத்திலேதான் உறைக்கும். தனிப் பேரத்தின் மேலாயின் விற்ற கம்பனியின் இலாபம் முன்னரே வரும். முழு நிதியத்தின் மேலாயின் நல்லதும் கெட்டதும் ஒன்றாய்க் கலந்து, எல்லார் முதலும் திரும்பிய பின்னரே வரும்.

பங்குக்கும் சம்பளத்துக்கும் உள்ள தூரத்தை அறிய உச்சியில் இருப்பவரைப் பார்த்தாற் போதும். 1985-ஆம் ஆண்டில் 4 இலட்சம் டொலர் முதலோடு பிளாக்ஸ்ரோன் நிறுவனத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவரான ஸ்ரீபன் சுவாட்ஸ்மனின் ஆண்டுச் சம்பளம் 350,000 டொலர். நாம் பேசும் இளைஞனின் சம்பளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கே. ஆயின் 2022-இல் அவர் பெற்ற முழு வருமானம் 120 கோடி டொலருக்கு மேல். உரிமைப் பங்கின் ஆதாயமே அதிற் பெரும்பகுதி. வரிச் சட்டமும் பங்குக்காரர் பக்கமே சாய்ந்திருக்கின்றது. மூன்றாண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற கம்பனியின் இலாபப் பங்கை, 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மூலதன ஆதாயமாகக் கொண்டு குறைந்த வரி விதிப்பர். இளைஞனின் சம்பளத்துக்கும் போனசுக்கும் அச்சலுகை இல்லை.

நியூயோர்க் நகரம் 2022 நவம்பர் 1-ஆம் தேதி முதல் ஒரு நல்ல சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. நால்வரோ மேலோ வேலைபார்க்கும் நிறுவனம், வேலைக்கு விளம்பரம் செய்யும்போது சம்பளத்தின் கீழெல்லையையும் மேலெல்லையையும் குறிப்பிடவேண்டும். பத்துப் பேர் கொண்ட முதலீட்டு நிறுவனமும் இதற்குத் தப்பாது. கலிபோர்ணியாவும் 2023-இல் இத்தகைய சட்டமொன்றைக் கொண்டுவந்தது. அங்கு பதினைந்து பேர் என்பது எல்லை. விளம்பரம் பார்ப்பவர்க்கு முன்பு இல்லாத வெளிச்சம் இது. எனினும் நகரச் சட்டம் கேட்பது அடிப்படைச் சம்பளத்தை மட்டுமே. போனசையும் இலாபப் பங்கையும் எழுதவேண்டியதில்லை. நாம் தொடக்கத்திற் சொன்ன மூன்று தொகைகளுள் முதலாவதே விளம்பரத்தில் இருக்கும். மற்றை இரண்டும் முன்போலவே வாய்ச் சொல்.

இவ்வளவும் வாசித்துவிட்டுச் சிறு நிறுவனத்துக்குப் போகவே கூடாது என்று யாரும் முடிவு கட்டவேண்டாம். எங்கள் கருத்து அதுவன்று. பெருநிறுவனத்திற் சேரும் இளைஞன் ஒரு பேரத்தின் ஒரு மூலையையே காண்பான்; கணக்குத் தாள் ஒன்றைத் திருத்தித் திருத்தி விடியும். சிறு நிறுவனத்தில் அவனே எல்லாம். காலையில் நாற்பது கம்பனிக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, விற்கும் எண்ணம் உண்டா என்று கேட்டு நாற்பது தடவை இல்லை என்று கேட்பான். மதியம் எழுபது வயது முதலாளி ஒருவரின் தொழிற்சாலைக்குப் போய், வாழ்நாள் முழுதும் கட்டியதை அந்நியர்க்கு விற்பதா என்று அவர் தயங்குவதைப் பார்ப்பான். வங்கிக் கடன் பத்திரத்தை வரிக்கு வரி வாசிப்பான். வாங்கிய கம்பனியின் மாதக் கணக்கு ஏன் பிந்தியது என்று சண்டை பிடிப்பான். இரண்டாண்டில் ஒரு கம்பனி எவ்வாறு நடக்கின்றது என்பதைத் தலை முதல் கால் வரை கண்டுவிடுவான். வேலை நேரமும் ஓரளவு மனிதத் தன்மையோடு இருக்கும் என்று நம்பலாம். எல்லா இடத்திலும் அன்று. பயிற்சிக்காகவே குறைந்த சம்பளத்தை ஏற்கின்றேன் என்று தெரிந்து போகும் பிள்ளையை நாம் மெச்சுவோம். பங்கு வரும், அது ஈடுசெய்யும் என்று நம்பிப் போகும் பிள்ளைக்காகத்தான் அஞ்சுகின்றோம்.

ஆகவே கையொப்பமிடுமுன் கேட்கவேண்டியவற்றைக் கூச்சமின்றிக் கேட்கவேண்டும். நம் பிள்ளைகள் பெரியோரிடம் பணத்தைப் பற்றிப் பேசக் கூசுவர். அது நல்வளர்ப்பின் பயனே. ஆனால் எதிரே இருப்பவர் நாள் முழுதும் பணத்தைப் பற்றியே பேசுபவர். அவர் தவறாக எண்ணமாட்டார். சென்ற இரண்டாண்டில் இந்தப் பதவியில் இருந்தவர்க்கு உண்மையிற் கொடுத்த போனஸ் எவ்வளவு என்பதைக் கேட்கலாம். எவ்வளவு வரை கொடுக்கலாம் என்ற பதில் அக்கேள்விக்கு விடையன்று. போனஸ் எந்தத் தேதியிற் கொடுக்கப்படும், அத்தேதிக்கு முன் விலகினால் என்னாகும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். பங்கு உண்டென்றால் எத்தனையில் ஒன்று, எந்த நிதியத்தில், எத்தனை ஆண்டில் உரிமையாகும் என்பவற்றை எழுத்திற் பெறவேண்டும். எழுத்தில் இல்லாத பங்கைச் சம்பளத்தோடு கூட்டலாகாது. வெளிநாட்டு மாணவராயின், விசா விண்ணப்பத்தை நிறுவனம் பொறுப்பேற்குமா என்பது இவற்றுக்கெல்லாம் முன் நிற்கும் கேள்வி. சட்டப் பகுதி இல்லாத சிறு நிறுவனம் அதற்குத் தயங்குவதுண்டு.

நிதியம் இப்பொழுது எத்தனையாவது ஆண்டில் இருக்கின்றது என்பதைப் பலர் கேட்க மறந்துவிடுகின்றனர். முதல் ஐந்தாண்டு, அதாவது கம்பனிகளை வாங்கும் காலம், கட்டணம் முழுத் தொகையின் மேல் வரும். அதன்பின் விற்காமல் எஞ்சிய முதலீட்டின் மேல் மட்டுமே வரும், ஆண்டுக்காண்டு குறையும். அதற்குள் அடுத்த நிதியத்தைத் திரட்டினால் நிறுவனம் வாழும். திரட்டாவிடின் சம்பளம் கொடுக்கப் பணமிராது. முதலில் அனுப்பப்படுபவர் கடைசியாக வந்தவரே. இரண்டாம் ஆண்டிற் சேர்பவனுக்கும் ஆறாம் ஆண்டிற் சேர்பவனுக்கும் கடிதத்தில் உள்ள தொகை ஒன்றாயிருக்கலாம், நிலைமை ஒன்றன்று.

இன்னொன்று. அந்தக் கதிரையில் முன்பு இருந்தவர் இப்பொழுது எங்கே என்று விசாரிப்பது பயன் தரும். மேற்படிப்புக்குப் போனாரா, பெருநிறுவனத்துக்கு மாறினாரா, அங்கேயே பதவி உயர்ந்தாரா, அல்லது எட்டு மாதத்திற் போய்விட்டாரா? சிறு நிறுவனங்களில் அத்தகையோர் இரண்டு மூன்று பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். ஆகவே தேடிக் கண்டுபிடிப்பது எளிது. விலகிப் போனவர் பத்து நிமிடம் தொலைபேசியிற் பேச மறுப்பது அரிது; போனஸ் எவ்வளவு வந்தது என்பதையும் அவர்தாம் சொல்லக்கூடியவர்.